இரண்டு வயதில் இறந்தவருக்கு ஏழு பிள்ளைகள்: வம்சாவளி ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பிறருக்காக வம்சாவளி தேடிக் கொடுப்பது என் தொழில். ஆண்டு முடிகிறதே என்று வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினால், செய்ததிலேயே மோசமான காரியம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இரண்டு வயதில் இறந்துபோன ஒரு குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்து, ஏழு பிள்ளைகளையும் கொடுத்திருந்தேன்.

ஒரு பெண்மணி, தன் பாட்டியின் தாத்தாவைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டு வந்திருந்தார். அந்தத் தாத்தாவின் திருமணப் பதிவு கையில் இருந்தது: 1862, தச்சர், வயது 24. தகப்பன் பெயருக்கான கட்டம் காலி. வயதைக் கழித்துப் பார்த்தால் 1838 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அவர் சொன்ன ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1838ஆம் ஆண்டில் அதே பெயருடன் ஒரே ஒரு குழந்தை இருந்தது. அந்த "ஒரே ஒரு" என்பதில் மயங்கிவிட்டேன். குழந்தையின் பெற்றோர், அவர்களின் பெற்றோர், அதற்கும் மேலே ஒரு தலைமுறை என்று ஆறு வாரம் ஏறிக்கொண்டே போனேன். பிறகு வேறு யாரையோ தேடி அடக்கப் பதிவேட்டைப் பார்த்தபோது, 1840 மார்ச் மாதப் பக்கத்தில் அதே பெயர், அதே தகப்பன் பெயர், வயது 2. நான் தேடிச் சேர்த்த மூன்று தலைமுறையும் வேறு யாருக்கோ முன்னோர்கள்.

உண்மையான தச்சர் பக்கத்து ஊரில் 1835இல் பிறந்தவர். மணமகளுக்கு வயது 22. மாப்பிள்ளை தன் வயதில் மூன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு வாரத்துக்கு நான் கூலி வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் முடியாது.

தன் குடும்பத்தைத் தேடப் போகிறவர்களுக்கும், நாளைக்குப் பிறருக்காகத் தேடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் கீழே உள்ள படிகளை எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஆறாவது படியை நான் தாண்டிக் குதித்ததால் வந்ததுதான் மேலே சொன்ன கதை.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எங்கள் வம்சத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். இதை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது? தலைமுறைக்குத் தலைமுறை முன்னோர் எண்ணிக்கை இரட்டிக்கிறது. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர், இருபதில் பத்து லட்சத்துக்கும் மேல், முப்பதில் 107 கோடி. முப்பது தலைமுறைக்கு முன்னால் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார் என்றுதான் இதற்குப் பொருள். அரச பரம்பரை என்று நிரூபித்துத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டுவேன். சிலர் அதன் பிறகு வருவதில்லை.

வேலைக்கு ஆகும் கேள்வியில் ஓர் ஆளும் ஒரு காலமும் ஓர் இடமும் இருக்கும். "1862இல் இன்ன ஊரில் இன்னாரை மணந்த தச்சரின் பெற்றோர் யார்?" என்பது போதும். அதற்கு விடை கிடைத்த பிறகுதான் அடுத்த கேள்வி.

2. காகிதத்துக்கு முன் ஆட்களைப் பாருங்கள்

ஆவணக் காப்பகம் நாளைக்கும் திறந்திருக்கும். தொண்ணூறு வயதுப் பெரியவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் அவரிடம் போங்கள்.

"உங்கள் தாத்தா எந்த வருடம் இறந்தார்?" என்று கேட்டால், "அது ஆச்சு ரொம்ப காலம்" என்ற பதில்தான் வரும். "உங்கள் அக்கா கல்யாணத்தின்போது தாத்தா இருந்தாரா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருந்தார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் தம்பி பிறந்தபோது இல்லை" என்று சட்டென்று வரும். அக்காவின் திருமண நாளும் தம்பியின் பிறந்த நாளும் காகிதத்தில் கிடைக்கக்கூடியவை. தாத்தாவின் மறைவு அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. வருடத்தைக் கேட்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்பதில் இந்த வசதி இருக்கிறது.

புகைப்படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தேதி ஏதாவது இருக்கலாம். பெரியவர் சொல்வது தவறென்று உங்களுக்குத் தெரிந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். திருத்தப்பட்டவர் அடுத்த கேள்விக்கு "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிடுவார்.

கேட்ட கதையைக் கேட்டபடி எழுதி வையுங்கள். சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். "மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள், ஒருவர் மட்டும் எங்கோ போய்விட்டார்" என்ற கதையைக் குடும்பத்துக்குக் குடும்பம் கேட்டிருக்கிறேன். "நியூயார்க்கில் இறங்கியபோது எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்பது இன்னொன்று. குடியேற வருகிறவர்களைச் சோதிக்க 1892இல் திறந்து 1954இல் மூடப்பட்ட அந்தத் தீவு நிலையத்தில் இருந்தவர்கள் பெயர்ப்பட்டியல் தயாரிக்கவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் எழுதிக் கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் பெயரைப் பிறகு மாற்றிக்கொண்டவர் அந்தத் தாத்தாவேதான்.

3. தேடியதை எல்லாம் எழுதுங்கள், கிடைக்காததையும்

இரண்டு நோட்டு வேண்டும். முதலாவதில் ஆட்கள். இதற்கு நானூறு வருடப் பழமையான ஓர் எண் முறை இருக்கிறது. 1590இல் மைக்கேல் ஐட்ஸிங்கர் அச்சிட்டது. நீங்கள் 1. உங்கள் தகப்பன் 2, தாய் 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தகப்பன். அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். 13 என்ற எண்ணைப் பார்த்தால், ஒற்றைப்படை, ஆகவே பெண், 6இன் தாய். 6 என்பவர் 3இன் தகப்பன். அதாவது உங்கள் அம்மாவுடைய அப்பாவின் அம்மா. மென்பொருள் எதுவும் இல்லாமலே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது நோட்டு தேடல் பதிவு. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். தேதி, காப்பகம், பதிவேட்டின் பெயரும் எண்ணும், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பார்த்தீர்கள், பெயரை எந்தெந்த எழுத்துக்கூட்டல்களில் தேடினீர்கள், நடுவில் கிழிந்த பக்கம் உண்டா, கிடைத்தது என்ன. "எதுவும் இல்லை" என்றால் அதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எட்டு மாதம் கழித்து, பதிவேட்டைப் படமெடுத்த அதே மைக்ரோபிலிம் சுருளை அதே ஆர்வத்தோடு மறுபடியும் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஆண்டு ஒரு பதிவேட்டைத் திறந்து நாற்பது பக்கம் போன பிறகு, ஓரத்தில் நானே முன்பு செருகி வைத்த காகிதக் குறியைப் பார்த்தேன்.

இல்லாமையும் ஒரு செய்திதான். ஒரு குடும்பம் வரிசையாகப் பல ஆண்டுகள் வரிப் பட்டியலில் இருந்து, ஒரு வருடம் காணாமல் போனால், இறப்பையோ இடப்பெயர்வையோ அந்த ஆண்டை ஒட்டித் தேடலாம். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்த வருடத்துப் பட்டியலை முழுவதும் பார்த்தீர்கள் என்று உங்கள் நோட்டு சொல்ல வேண்டும்.

4. பதிவேட்டை யார், எதற்காக எழுதினார்கள்?

நம் வசதிக்காக எந்த எழுத்தரும் எதையும் எழுதவில்லை. வரி வசூலிக்க, ஆன்மாவைக் காக்க, சொத்தைப் பிரிக்க, படைக்கு ஆள் எடுக்க எழுதினார்கள். நோக்கம் தெரிந்தால் அந்தப் பதிவு எதில் கவனமாக இருக்கும், எதில் அசட்டையாக இருக்கும் என்று தெரிந்துவிடும். இறப்புப் பதிவில் இறந்த தேதி நம்பகமானது. அதிலேயே இருக்கும் பிறந்த இடம் அப்படிப்பட்டதல்ல. சொன்னவர் மருமகனாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார்.

எந்த ஊரில் எப்போது எழுதத் தொடங்கினார்கள் என்பதை வேலைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகளை வைக்கச் சொல்லி எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டது 1538இல். அரசு பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். பிரான்சில் அரசுப் பதிவு 1792இலேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 1855. 1686ஆம் ஆண்டுத் தேவாலயச் சட்டத்தின்படி ஸ்வீடனில் பாதிரியார்கள் வீடு வீடாக எழுதி வைத்த குடும்பப் பதிவேடுகள் கிடைத்தால், வேலை பாதியாகக் குறையும்.

ஏழைகளுக்குப் பதிவுகள் குறைவு என்று சொல்வார்கள். எப்போதும் அப்படியில்லை. ஒப்பந்தக் கூலிகளாக மொரிஷியஸ், நடால், பிஜி போன்ற இடங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பதிவுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து நிலக்கிழார் ஒருவரின் பத்திரத்தில் அவர் நெற்றியில் இருந்த தழும்பு வராது. முதலாளிக்கு ஆள் தப்பி ஓடிவிடக் கூடாது. அதனால் தழும்பையும் எழுதினான்.

சில இழப்புகளை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள். இல்லாததைத் தேடி நாள் போகாது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 ஜனவரித் தீயில் பாழானது. டப்ளினில் 1922இல் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அயர்லாந்தின் நூற்றாண்டுக் கணக்கான காகிதங்கள் போயின. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942இல் எரிந்துவிட்டது. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. 1921க்கும் 1951க்கும் நடுவே அங்கே கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்றுதான்.

வயதும் தேதியும் செய்கிற கோளாறுகள் தனி. பிரிட்டனின் 1841 கணக்கெடுப்பில் 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 என்று வருவார். உறவுமுறைக்கு அதில் கட்டமே கிடையாது. அது 1851இல்தான் வந்தது. ஒரே வீட்டில் இருக்கிற நாற்பது வயதுப் பெண் மனைவியா, தங்கையா, வேலைக்காரியா என்று 1841 ஏடு சொல்லாது. இன்றைக்கும் இணையத்தில் உள்ள எத்தனையோ குடும்ப மரங்களில் அவர் மனைவியாகிவிட்டார்.

நாட்காட்டி இன்னொரு பொறி. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1720 ஏப்ரலில் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால், அவசரப்பட்டு யார் நடத்தையையும் சந்தேகிக்காதீர்கள். அந்தப் பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் பின்னால் வருவது. நம் கணக்கில் அது 1721. குழப்பம் வராமலிருக்க 1720/21 என்று இரண்டையும் எழுதுவது வழக்கம். ரஷ்யா 1918 வரையிலும் கிரீஸ் 1923 வரையிலும் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை; அதில் தேதிகளே நம் கணக்குக்குச் சில நாள் பின்தங்கியிருக்கும்.

5. கையெழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

புரியாத ஏட்டை முதல் வரியிலிருந்து படிக்க முயல்கிறவர்கள் மூன்றாவது வரியில் எழுந்து போய்விடுகிறார்கள். தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். பழைய ஆங்கில உயில்களில் முதல் வரி பெரும்பாலும் "கடவுளின் பெயரால், ஆமென்" என்று இருக்கும். பதிவேடுகளில் மாதங்களின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அவற்றில் வருகிற எழுத்துக்களை அந்த எழுத்தர் எப்படிப் போடுகிறார் என்று தனிக் காகிதத்தில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அவருடைய நெடுங்கணக்கு உங்கள் கையில் இருக்கும். பிறகு தெரியாத சொல்லுக்கு அதை வைத்துப் பாருங்கள். அடுத்த எழுத்தர் வந்ததும் புதிய காகிதம்.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தில் "இ" (e) எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். "சி" (c) இன்றைய "ஆர்" (r) போலத் தெரியும். ஐரோப்பிய ஏடுகளில் 1இன் தலையில் நீண்ட கோடு இருந்தால் 7 என்று படித்துவிடுவோம். இந்த ஆண்டு 1791ஐ 1797 என்று படித்து, ஒருவரைத் தன் சொந்தத் தம்பிக்கே தம்பியாக்கினேன். அதே ஏட்டில் எழுத்தர் உண்மையான 7ஐ எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்திருந்தால் போதும்.

இணையத்தில் தேடும்போது நீங்கள் தேடுவது பதிவேட்டை அல்ல, அதை வேறொருவர் படித்துத் தட்டச்சு செய்த அட்டவணையை. அவரும் என்னைப் போலத் தடுமாறியிருப்பார். ஒலியை வைத்துப் பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை 1918இலிருந்து இருக்கிறது. ஆனால் அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். முதல் எழுத்தையே தவறாகப் படித்திருந்தால் அதுவும் உதவாது. அப்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதல் பெயர், வயது, ஊர் மட்டும் போட்டுத் தேடுங்கள். கிடைத்ததும் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். முன் பக்கம், பின் பக்கம் இரண்டையும் சேர்த்து. பேமிலிசர்ச் தளத்தைப் பணம் கட்டாமல் பார்க்கலாம். 24 லட்சம் மைக்ரோபிலிம் சுருள்களைப் படமாக்கும் வேலையை அவர்கள் 2021இல் முடித்தார்கள். அட்டவணையில் வராத பதிவேடுகளும் அங்கே படமாக இருக்கின்றன, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கப் பொறுமை இருந்தால்.

6. ஆளைச் சேர்ப்பதற்கு முன் சாகடித்துப் பாருங்கள்

நான் தாண்டிக் குதித்த படி இது. ஒரு பிறப்பு கிடைத்ததும் கை துறுதுறுக்கும். அந்தப் பெயரை மரத்தில் ஒட்டத் தோன்றும். ஒட்டாதீர்கள். அந்தக் குழந்தை இறந்ததா என்று அடக்கப் பதிவேட்டில் முதல் பத்து வருடத்தையாவது பாருங்கள். அதே பெயரில் அந்த வட்டாரத்தில் பிறந்த எல்லோரையும், இப்பக்கம் ஐந்து வருடம் அப்பக்கம் ஐந்து வருடமாகப் பக்கத்து ஊர்களையும் சேர்த்து, ஆளுக்கொரு அட்டையில் எழுதுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் பிறப்பு, திருமணம், பிள்ளைகள், தொழில், இறப்பு. அட்டைகள் நிரம்ப நிரம்ப ஆட்கள் ஒவ்வொருவராக உதிர்வார்கள். கடைசியில் நிற்கிறவர் உங்கள் ஆளாக இருக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. குழந்தை இறந்தால், அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது பல நாடுகளில் இருந்தது. ஆகவே அடக்கத்தைப் பார்த்ததும் அந்தப் பெற்றோரையே தள்ளிவிடாமல், அவர்களுக்குப் பிறகு பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும். என் இரண்டு வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு அப்புறம் பிறந்தவர்கள் மூவரும் பெண்கள்.

அட்டைகளை வைத்தும் பிரியாத இருவர் இந்த ஆண்டு ஒரு பணியில் வந்தார்கள். ஒரே பெயர், ஒரே தெரு, இருவரும் தையற்காரர்கள், வயதில் ஒரு வருட வித்தியாசம். பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை எல்லாம் ஒரே வரிசையில் எழுதியபோது, நான்கு மாத இடைவெளியில் இரண்டு குழந்தைகள். ஆக, தகப்பன்கள் இருவர் என்பது மட்டும் உறுதியானது. எந்தக் குழந்தை யாருடையது? இரண்டு திருமணப் பதிவுகளையும் அருகருகே வைத்தேன். ஒருவர் கையெழுத்திட்டிருந்தார், பெயரின் கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் சுழித்து, அடிக்கோடு போலப் பெயருக்குக் கீழே ஓடியது. மற்றவர் பேனாவை அழுத்திப் பிடித்து ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தார். மை இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் குளம்போலத் தேங்கிக் காய்ந்திருந்தது. இருபது வருடம் கழித்து ஒரு மகளின் திருமணத்துக்குச் சாட்சியாக வந்த தகப்பனின் கையெழுத்தில் அதே வால், கொஞ்சம் நடுங்கியபடி. அந்த மகள் எந்த வீட்டுப் பெண் என்பது தெரிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளை ஞானப்பெற்றோர்களின் பெயர்களை வைத்துப் பிரித்தேன். சாட்சிகள், ஞானப்பெற்றோர், அடுத்த வீட்டார், கடன் கொடுத்தவர் என்று ஒருவரைச் சுற்றி வந்துபோகிறவர்களைத் தேடுவது, அவரையே தேடுவதைவிடப் பல சமயம் சீக்கிரம் பலன் தரும்.

கையெழுத்தை நம்புவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட நகல்களில் எல்லாக் கையெழுத்தும் நகல் எடுத்தவருடையது. மூல ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, எழுதத் தெரிந்த மாப்பிள்ளை, எழுதத் தெரியாத மணமகள் கூசக் கூடாதென்று தானும் சிலுவை போட்டிருக்கலாம். நோயாளியும் கிழவரும் போட்டிருக்கலாம்.

உறவுச் சொற்களிலும் ஏமாறாதீர்கள். தமிழில் பெரியப்பா மகனா, மாமா மகனா என்று சொல்லாமல் ஓர் உறவையும் சொல்லி முடிக்க முடியாது. பழைய ஆங்கில ஆவணங்களில் "கசின்" என்பது அண்ணன் மகனைக்கூடக் குறிக்கும். "மதர் இன் லா" என்று எழுதியிருந்தால் மாமியாராகவும் இருக்கலாம், மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். "சீனியர்", "ஜூனியர்" என்று இருவர் இருந்தால் தகப்பனும் மகனும் என்று எண்ணத் தோன்றும். பெயர் ஒன்றாக இருந்த, உறவே இல்லாத பெரியவரும் சின்னவருமாக அவர்கள் இருக்கலாம்.

7. டி.என்.ஏ. சோதனை

காகிதம் தீர்ந்த இடத்தில் இது உதவும். காகிதத்துக்குப் பதிலாக வராது. இருவர் பகிரும் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றோர், பிள்ளைக்கு நடுவே சுமார் 3,400 முதல் 3,500. உடன்பிறந்தவர்களுக்குள் சுமார் 2,600. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குள், அதாவது ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள், சராசரியாக 850 சொச்சம். இரண்டுவிட்டவர்களுக்குள் 200 சொச்சம். மூன்றுவிட்டவர்களில் பத்தில் ஒரு ஜோடி எதையும் பகிராமல் இருக்கும். நான்குவிட்டவர்களில் ஏறக்குறைய பாதி. ஆகவே "பொருந்தவில்லை, அதனால் உறவில்லை" என்று தூரத்து உறவில் சொல்லவே கூடாது.

1,750 வாக்கில் ஓர் எண் வந்தால் தாத்தாவாகவும் இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம், தகப்பன் ஒருவர் தாய் வேறான சகோதரராகவும் இருக்கலாம். எது என்று வயதும் காகிதமும்தான் சொல்லும். உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்த சமூகங்களில் எண்கள் எல்லாமே ஊதித் தெரியும். அங்கே அட்டவணையை அப்படியே நம்பினால் தூரத்து உறவுகள் பக்கத்து உறவுகளாகிவிடும்.

சோதனைக்கு முன் எச்சிலைக் கொடுக்கிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எதிர்பாராத ஒரு சகோதரரோ, எதிர்பார்த்த தகப்பன் இல்லாமையோ தெரியவரலாம். கொடுத்த தரவு கொடுத்த நிறுவனத்தோடு நிற்காமலும் போகலாம். 2025 மார்ச்சில் 23அண்ட்மீ நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது வாடிக்கையாளர்களின் தரவு என்னாகும் என்பதே பெரிய கேள்வியானது. இரண்டையும் கேட்டபின் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

8. அறிக்கை, கூலி, கெட்ட செய்தி

பிறருக்காகச் செய்யும்போது மணிக்கணக்கில் கூலி பேசுங்கள். இத்தனை மணி நேரம் இந்தப் பதிவேடுகளில் தேடித் தருகிறேன் என்று எழுத்தில் இருக்கட்டும். "கிடைத்தால் பணம்" என்று ஒப்புக்கொண்டால், கிடைக்காத நாளில் எதையாவது கிடைக்கவைக்கச் சொல்லி உங்கள் வயிறே உங்களைத் தூண்டும்.

அறிக்கைக்கு இத்தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. வம்சாவளி ஆய்வாளர்களுக்காக 1964இல் தொடங்கிய அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம் அதை வற்புறுத்துகிறது. நியாயமான அளவுக்கு முழுமையாகத் தேடியிருக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். சான்றுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்திருக்க வேண்டும். முரண்பட்டவற்றுக்கு விடை சொல்ல வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் வைக்க வேண்டும். ஐந்தில் புதியவர்கள் தட்டிக்கழிப்பது நான்காவது. வயது பொருந்தாத பதிவைக் கண்ணில் படாதது போல அடியில் வைத்துவிடுவார்கள். அதை முதல் பக்கத்திலேயே போட்டு, ஏன் பொருந்தவில்லை, ஆனாலும் ஏன் ஏற்றேன் என்று சொல்வது என் வழக்கம். தச்சரின் இரண்டாவது அறிக்கையை அப்படித்தான் தொடங்கினேன்.

கெட்ட செய்தியை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். இந்த ஆண்டு ஒருவருடைய தாத்தாவுக்கு இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது தெரியவந்தது. தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் கேட்டதற்கு மேலே ஒன்று கிடைத்திருக்கிறது, அறிக்கையில் வேண்டுமா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா இருக்கும்வரை வேண்டாம்" என்றார். தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உயிரோடிருப்பவர்களின் பெயரும் பிறந்த நாளும் அறிக்கையைத் தாண்டி எந்தப் பொது மரத்திலும் ஏறக் கூடாது.

9. கோப்பை மூடுவது

குடும்ப மரத்தை எந்த மென்பொருளில் வரைந்தாலும் ஜெட்காம் கோப்பாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். 1984இலிருந்து இருக்கிற வடிவம்; மென்பொருள் மறைந்தாலும் பெரும்பாலும் வேறொன்று அதைத் திறக்கும். படங்கள் அதற்குள் போகாது, அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும். அறிக்கையைத் தாளிலும் அச்சிட்டுக் கொடுங்கள்.

முடியாத பணியை முடியாதது என்றே எழுதி மூடலாம். எதுவரை பார்த்தேன், எது இன்னும் திறக்கவில்லை, எப்போது திறக்கும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும். பிரிட்டன் கணக்கெடுப்பை நூறு ஆண்டும், அமெரிக்கா 72 ஆண்டும் பூட்டி வைக்கின்றன. 1950ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தது; அடுத்தது 1960ஆம் ஆண்டினுடையது. இந்த ஆண்டில் எனக்கு மூன்று கோப்புகள் பாக்கி. அதில் ஒன்று, 1950இல் ஒரு விடுதியில் தனியாக இருந்து, பிறகு எந்தப் பதிவிலும் அகப்படாத ஒருவருடையது. அந்தக் கோப்பின் மேலட்டையில் பென்சிலால் "2032 ஏப்ரல்" என்று எழுதி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.